என் வயிற்றுக்காக நடந்த பஞ்சாயத்து

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: என் சித்தப்பா, என் மனைவியின் அண்ணன், மாமனார், என் மனைவி, லப்பைக்குடிக்காட்டு பாய், அப்புறம் வயிற்றுக்குச் சொந்தக்காரனான நான். பாயை யாரும் கூப்பிடவில்லை. செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட என்னிடம் கொடுத்திருந்த மோட்டாரை எடுத்துப்போக வந்தவர், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து ஏதோ துக்கம் என்று நினைத்து உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். மாமனாருக்குக் காது கேட்காது. அதனால் அந்தக் கூட்டத்தில் நிம்மதியாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

பேச வேண்டியது ஒரே விஷயம். என் பெருங்குடலில் இடப்பக்கமாகப் புற்றுநோய்க் கட்டி. எடுத்தால் பிழைக்க வழி உண்டு, தள்ளிப்போட்டால் இல்லை என்று திருச்சி டாக்டர் சொல்லிவிட்டார். எடுப்பதற்கு இரண்டு முறை இருக்கிறது என்றும் சொன்னார். ஒன்று, வயிற்றை நடுவில் நீளமாகத் திறந்து எடுப்பது. இன்னொன்று, அங்கங்கே சின்ன ஓட்டை போட்டு, ஒன்றில் காமிராவும் மற்றதில் கருவிகளும் விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே எடுப்பது. திறந்து எடுத்தால் நாற்பத்தைந்தாயிரம். ஓட்டை போட்டால் எண்பதாயிரம். யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினார். யோசிக்கச் சொன்னது என்னையும் என் மனைவியையும்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனின் வயிறு அவனுக்கு மட்டும் சொந்தமில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் கவலைப்படுகிற ஆள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணமே வயிறுதான். பரீட்சை என்றால் காலையிலேயே கலக்கிவிடும். முழுப் பரீட்சைக்குப் பாதிப் பேப்பர் எழுதியும் பாதிப் பேப்பர் எழுதாமலும் ஓடி வந்தவனை வாத்தியார் திரும்பக் கூப்பிடவில்லை. அதன் பிறகு பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்து, பின்னால் சொந்தமாகவே கடை வைத்தேன். வைத்தும் கவலை போகவில்லை. இடி இடித்தால் கரண்டு கம்பியைப் பார்ப்பேன். தும்மல் வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். இப்படி வருஷம் பூராவும் நோயை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு உண்மையாகவே நோய் வந்தபோது யாரும் நம்பவில்லை. வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது என்றேன். மூலம் என்றார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் மூலத்துக்கு விளம்பரம் எழுதியிருக்கிற ஊர் இது. அதில் ஒரு சுவரை நம்பி, ஒரு மழைக்காலம் முழுக்கக் கருணைக்கிழங்கும் துத்தி இலையும் தின்றேன். தொண்டை அரித்தது, ரத்தம் நிற்கவில்லை. ஆள் வெளுத்துப்போய்க் கடையில் மயங்கி விழுந்த பிறகுதான் திருச்சிக்குக் கூட்டிப்போனார்கள்.

டாக்டர் அன்றைக்குச் சொன்னதில் முதல் வார்த்தைக்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் மனைவிதான் எல்லாவற்றையும் கேட்டு வந்தாள். ஆனால் பஞ்சாயத்தில் அவள் வேலை காப்பி போடுவது.

சித்தப்பாதான் ஆரம்பித்தார். என் அப்பா இல்லாததால் எங்கள் பக்கத்துக்கு அவர்தான் பெரியவர்.

"எதையும் தொறந்து பாத்துச் செய்யணும். அதான் முறை. ஏன்டா, நீ மோட்டார் காயில் கட்டுறியே, மூடியக் கழட்டாமயா கட்டுற?"

மச்சான் சிரித்தார். அவர் அரியலூரைச் சேர்ந்த ஜெயங்கொண்டம் பக்கம். முந்திரியும் கரும்பும் போட்டு நாலு காசு பார்த்தவர். செல்போன் வைத்திருந்தார், அதைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தார்.

"மாமா, காலம் மாறிப்போச்சு. மாப்ளயக் கெடாக் கறி மாதிரி அறுத்துப் போட்டா எந்திரிக்க மாசக்கணக்காகும். ஓட்டை போட்டா அஞ்சாறு நாள்ல வூட்டுக்கு வந்துடலாமாம்."

"ஓட்டைக்குள்ள என்ன தெரியும்?"

"டிவியில தெரியுமாம்."

"டிவியில என்னென்னமோதான் தெரியுது."

இங்கே ஒரு நிலவரத்தைச் சொன்னால்தான் இந்தச் சண்டை புரியும். எங்கள் பக்கம், பூலாம்பாடி வட்டாரம், கீழே பாறை. வெடி வைத்துக் கிணறு வெட்டித்தான் தண்ணீர் பார்த்தவர்கள். இறங்கிப் பார்க்கலாம், தூர் வாரலாம், செத்த ஆட்டைக்கூட எடுக்கலாம். என் மனைவி பக்கம் மண் பாங்கு. போர் வண்டி வரும், குழாய் இறங்கும், தண்ணீர் வந்துவிடும். ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு கருமாதியிலும் இந்த இரண்டு தரப்புக்கும் கிணறு உசத்தியா, போர் உசத்தியா என்று பேச்சு வரும். இந்த முறை பேச்சுக்கு என் வயிறு கிடைத்தது.

"நீங்க ஒங்க பாறையில கெணறு வெட்டிக்கிட்டே இருங்க மாமா. எங்க பக்கம் காலையில வண்டி வருது, சாயந்தரம் தண்ணி பாயுது."

"பாயும் பாயும். உள்ள வுட்ட மோட்டார் மாட்டிக்கிச்சுன்னா? மேல நின்னு குழாயப் பாத்து அழுவீங்க. எத்தன பேரு அழுதான்னு இவனக் கேளு."

என்னைக் கேட்டார்கள். மாட்டிக்கொண்ட மோட்டார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பது உண்மை. அந்த நிமிடத்திலிருந்து டாக்டரின் கருவி ஒன்று என் வயிற்றுக்குள் மாட்டிக்கொள்வது போலவும், ஆஸ்பத்திரி மாடியில், போர் மோட்டாரை எடுக்கிற மாதிரி, மூன்று கால் நட்டுச் சங்கிலி போட்டு அதை இழுப்பது போலவும் எனக்குக் கண்ணில் ஓட ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் காசுக்கு வந்தார்கள். சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கு கடைசிவரை புரியவே இல்லை.

"பெரிய வெட்டுக்குக் காசு கம்மி, சின்ன ஓட்டைக்குக் காசு ஜாஸ்தியா? இது எந்த ஊரு நாயம்? கெணத்துக்கு அடிக்கு இவ்வளவுன்னுதான் கூலி. தோண்டாத அடிக்கு எவனாவது காசு குடுப்பானா?"

"அதான் மாமா பெரம்பலூருக்காரங்க. மாவட்டத்தயே கணக்குப் பாத்துத்தான் நடத்துறீங்க."

அரியலூர் ஒரு முறை தனி மாவட்டமாகப் பிரிந்துபோய், கொஞ்ச நாளில் திரும்ப எங்களோடு சேர்க்கப்பட்டிருந்த சமயம் அது. மச்சானுக்கு அந்த வலி இன்னும் ஆறவில்லை.

"பிரிச்சு என்னத்தக் கண்டீங்க? திரும்ப ஒட்ட வச்சுட்டாங்கல்ல!" என்றார் சித்தப்பா.

"பாருங்க, மறுபடி பிரியும்."

என் கட்டி இதற்கிடையில் எங்கோ போய்விட்டது. கலெக்டர் ஆபீஸ் எங்கே இருக்க வேண்டும் என்று சிறிது நேரம் பேசினார்கள்.

பாய்தான் பேச்சைத் திருப்பினார். அவர் பல வருஷம் துபாயில் இருந்தவர். "அண்ணே, எனக்குப் பித்தப்பையில கல்லுன்னு அங்க ஓட்டை போட்டுத்தான் எடுத்தாங்க. மாஷா அல்லாஹ், மூணாம் நாளு வேலைக்குப் போயிட்டேன்" என்று சொல்லிச் சட்டையைத் தூக்கினார். வயிற்றில் கொசு கடித்த மாதிரி மூன்று புள்ளி. மச்சான் எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். ஏதோ தானே போட்ட ஓட்டைகள் மாதிரி சித்தப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

சித்தப்பா விடுவாரா. பனியனை மார்வரை சுருட்டினார். இளவயசில் குடல் புண்ணுக்கு அறுத்த தழும்பு. நெஞ்சுக்குழியில் ஆரம்பித்துத் தொப்புள் வந்ததும் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது.

"இது ஆபரேசன்! தொப்புளக்கூட நோகாம சுத்திப் போயிருக்கான் பாரு. இத்தன வருசமாச்சு, இன்னும் மூட்ட தூக்குறேன்."

"பாய்க்கு எடுத்தது கல்லு மாமா, இவருக்குக் கட்டி" என்று சொன்னது மச்சானில்லை, அவர் அப்படிச் சொல்ல மாட்டார். உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள். "ஒங்களுக்கு எடுத்தது புண்ணு. இது வேற வியாதி. டாக்டரு என்ன சொன்னாருன்னா..."

"காப்பிக்குச் சக்கர பத்தல பாப்பா" என்றார் மச்சான்.

இரண்டு வயிறுகளும் திறந்தபடியே சிறிது நேரம் எதிரெதிராக நின்றன. அதுவரை ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்த மாமனார், ஏதோ வைத்தியம் நடக்கிறது என்று நினைத்துத் தன் சட்டைப் பட்டனையும் கழற்ற ஆரம்பித்தார்.

முடிவில் இரண்டு பேரும் பணத்தை எடுத்து வைத்துப் பேசினார்கள். "தொறந்து செய்யறதுன்னா முப்பதாயிரம் நான் தரேன்" என்றார் சித்தப்பா. "ஓட்டைன்னா அம்பதாயிரம் என்னுது" என்றார் மச்சான். இப்போது நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு உறவு போச்சு, ஒரு தொகையும் போச்சு. எதிலும் சாயாமல் இருந்தால் உயிர் போச்சு. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தீர்மானம் ஆகியிருந்தது: சாமியிடம் பூப் போட்டுப் பார்ப்பது.

எங்கள் குலதெய்வம் பூலாம்பாடிக்கு அந்தப் பக்கம் காட்டோரமாக இருக்கிறது. நிலம் வாங்க, பெண் கொடுக்க, கிணறு தோண்ட, எதற்கும் அங்கே போய் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவோம். பூசாரி ஒன்றை எடுப்பார். அதற்குமேல் யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. பெருங்குடல் விஷயமாக இதுவரை யாரும் கேட்டதில்லை என்று பூசாரி சொன்னார். ஆனாலும் சாமிக்குத் தெரியாதது இல்லை என்றார்.

"கேக்குறத மனசுல நெனச்சுக்குங்க. வாயத் தொறந்து சொல்லப்படாது. சொன்னா வாக்கு பலிக்காது."

கண்ணை மூடி எல்லோரும் நினைத்துக்கொண்டோம். சூடம் எரிந்தது. மாமனார் எல்லோரும் கும்பிடுவதைப் பார்த்து அவரும் கும்பிட்டார். பூசாரி ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மச்சான் உண்டியலில் நூறு ரூபாய்த் தாளைப் போட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தோற்றவரை நோகடிக்கக் கூடாது என்ற பெருந்தன்மையோடு சிரித்துக்கொண்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெரிய நிம்மதி. இத்தனை ஒற்றுமையாக எங்கள் குடும்பத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பஸ்ஸில் சித்தப்பா வேர்க்கடலை வாங்கி மச்சான் கையில் கொட்டினார்.

"டாக்டருக்குப் போனப் போட்டுச் சொல்லிரு மாப்ள. சாமியே சொல்லிருச்சு, இனிமே என்ன."

"வூட்டுக்குப் போனதும் சொல்லிடறேன் மாமா. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார் மச்சான்.

"நான் என்னத்த வச்சுக்கப் போறேன்? நீதான் வச்சுக்கக் கூடாது. தொறந்து செஞ்சாலும் நல்லாத்தான் செய்வாங்க."

மச்சானுக்குக் கடலை வாயில் நின்றது. "தொறந்தா? வெள்ளையில்ல வந்துச்சு?"

"ஆமா, வெள்ள. வெள்ளைன்னா தொறக்கறதுன்னுதானே நெனச்சேன்."

"நான் வெள்ளைன்னா ஓட்டைன்னு நெனச்சேன்!"

"நல்லதுக்கு வெள்ளைன்னுதான்டா வைக்கணும்!"

"அதத்தான நானும் வச்சேன்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் வந்து, "எறங்கிட்டு அடிச்சுக்குங்க, பஸ்ஸுல வேணாம்" என்றார். நடுவராக யாராவது வேண்டுமே, இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ என்னடா நெனச்ச?" என்றார் சித்தப்பா.

எனக்குப் பொய் சொல்ல வராது. பயத்தில் இன்னும் வராது. "ஆபரேசனே வேணாம்னா வெள்ளைன்னு நெனச்சேன்" என்றேன்.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த என் மனைவி திரும்பாமலே பேசினாள். "இவரு பொழச்சுக்குவாருன்னா வெள்ளைன்னு நான் நெனச்சேன். திங்கக்கெழம திருச்சி போறோம். எப்படி எடுக்கறதுன்னு டாக்டரு பாத்துக்கட்டும்."

எங்கள் இருபக்கத்து ஆண்களும் சேர்ந்து சாமியிடம் கேட்டவற்றில் யாரும் கேட்காத கேள்வி அது.

திங்கட்கிழமை டாக்டர் அறையில் மறுபடி கூட்டம். டாக்டர் மருந்துக் கம்பெனி கொடுத்த காகிதத்தில் வயிறு ஒன்றை வரைந்தார். பானை மாதிரி இருந்தது. அதற்குள் குடலைப் போட்டு, கட்டி இருக்கிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"ரெண்டு முறையிலயும் உள்ள செய்யறது ஒரே வேலதான். கட்டி இருக்கற துண்ட ரெண்டு பக்கமும் தள்ளி நறுக்கி, பக்கத்துல இருக்கற நெறிக்கட்டியெல்லாம் சேத்து எடுத்துட்டு, குடல திரும்ப இணைப்போம். உள்ள போற வழிதான் வேற. நோய் திரும்பி வருமா வராதாங்கறதுல பெரிய வித்தியாசம் இல்லைன்னுதான் இப்ப சொல்றாங்க. ஓட்டை போட்டா வலி கம்மி, சீக்கிரம் எந்திரிக்கலாம். ஆனா நேரம் பிடிக்கும், கருவி செலவு ஜாஸ்தி."

"நான் சொன்னேன்ல" என்றார் மச்சான்.

"கட்டிய வெளிய எடுக்க ஒரு ரெண்டு இஞ்சாவது வெட்டித்தான் ஆகணும். ஓட்டை வழியா வராது."

"ஆங்! அப்ப வெட்டுதான?" என்றார் சித்தப்பா.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மாதிரிக் குடும்பங்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். "ஓட்டை போட்டு ஆரம்பிப்பேன். உள்ள எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருந்தா அப்பவே தொறந்துருவேன். அது தோல்வி இல்ல, அதுதான் பத்திரம். ரெண்டுக்கும் சேத்துத்தான் கையெழுத்து வாங்குவோம்."

நான் கேட்க நினைத்தவை மூன்று: மயக்கம் தெளியுமா, நடுவில் கரண்டு போனால் டிவி தெரியுமா, மலம் போக வயிற்றில் பை கட்டிவிடுவீர்களா. மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். தெளியும், ஜெனரேட்டர் இருக்கிறது, அநேகமாகத் தேவைப்படாது என்றார். அநேகமாக என்ற அந்த ஒரு வார்த்தையோடு நான் ஆபரேஷன் வரைக்கும் குடித்தனம் நடத்தினேன்.

மயக்கம் தெளிந்தது. முதலில் தெரிந்தது தாகம். அடுத்ததாக என் கை என்னைக் கேட்காமலே வயிற்றுக்குப் போனது. யார் ஜெயித்தது என்று தெரிந்துகொள்ளத்தான். நடுவில் நீளமாக ஒரு கட்டு. வலது பக்கம் தடவினேன். அங்கே இரண்டு சின்ன பிளாஸ்திரி. இன்னும் தள்ளி ஒன்று. நர்ஸ் வந்து கையில் ஒன்று போட்டார். "தொடக் கூடாது!" எனக்குத் தலை சுற்றியது. ஓட்டையும் இருக்கிறது, வெட்டும் இருக்கிறது. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்காததால் டாக்டர் இரண்டையுமே செய்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கதவோரம் பேச்சு கேட்டது.

"கடைசியில தொறந்துதான எடுத்தாங்க?"

"மொதல்ல ஓட்டதான போட்டாங்க?"

"மொதல்ல கத்தியத் தீட்டக்கூடத்தான் செஞ்சாங்க. எடுத்தது எது?"

டாக்டர் வந்தார். கட்டி மூத்திரப்பையோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். காமிராவில் பார்த்து, பிரிக்கப் பார்த்து, கிழிந்துவிடக் கூடாது என்று நிறுத்தித் திறந்திருக்கிறார். மூத்திரப்பையில் ஒரு ஓரத்தையும் சேர்த்து எடுத்துத் தைத்திருக்கிறார். பை கட்டவில்லை. இதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மச்சான், "அப்ப காமிரா போடாம இருந்தா ஒட்டியிருந்தது தெரிஞ்சிருக்குமா சார்?" என்றார். சித்தப்பா, "மொதல்லயே தொறந்திருந்தா இவ்வளவு நேரமாகியிருக்குமா?" என்றார்.

என் மனைவி இருவரையும் விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். "முழுசா வந்துருச்சாங்க?"

டாக்டர் அவளை மட்டும் பார்த்துப் பதில் சொன்னார். "கண்ணுக்குத் தெரிஞ்சது முழுசா எடுத்தாச்சும்மா. ஓரத்துல இருக்கா, நெறியில பரவியிருக்கான்னு டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கு. அது வரட்டும்."

அது வருகிறவரை நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெரியாது. கவலைப்படுவதில் எனக்கு இருந்த அத்தனை வருஷப் பழக்கமும் அந்த ஒரு வாரத்துக்குப் போதவில்லை. நல்ல வேளையாக அதற்குள் இன்னொரு கவலையை ஆஸ்பத்திரி கொடுத்தது. குடல் தைத்த ஆளுக்குக் காற்று பிரிந்தால்தான் வாயில் தண்ணீர் கொடுப்பார்கள். காலையில் டாக்டர் வந்து கேட்கிற முதல் கேள்வி, "காத்து போச்சா?" சாயங்காலம் நர்ஸ் கேட்பார். நடுவில் மாமனாரைத் தவிர மற்ற எல்லோரும் கேட்பார்கள். பரீட்சைக்குக் கலக்கிய அதே வயிறு இப்போது கல் மாதிரி கிடந்தது.

"ஓட்டையோட முடிஞ்சிருந்தா நேத்தே போயிருக்கும்" என்றார் மச்சான்.

"எனக்கு நாலு நாளாச்சு. நல்ல ஆபரேசன்னா அப்படித்தான்" என்றார் சித்தப்பா.

கடைசியில் காற்று போனபோது, பக்கத்துக் கட்டில்காரர்கூட நிம்மதியானார். சித்தப்பா வராந்தாவுக்கு ஓடி, பேத்தி பிறந்த மாதிரி எல்லோருக்கும் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கொடுத்த மூன்று ஸ்பூன் தண்ணீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

பார்க்க வந்த உறவுக்காரர்கள் ரொட்டியும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்தார்கள். எதையும் நான் சாப்பிடக் கூடாது. ஆனாலும் வாங்கி வைத்தோம். வந்தவர்களுக்கு என்ன வியாதி, என்ன எடுத்தார்கள் என்பது முக்கியமில்லை. எத்தனை தையல் என்று கேட்டார்கள். போர்வையை விலக்கிக் காட்டினால், நீளமான கட்டைப் பார்த்து, செலவழித்த பஸ் காசு வீண்போகவில்லை என்ற மாதிரி உச்சுக் கொட்டினார்கள். பக்கத்தில் இருந்த சின்ன பிளாஸ்திரிகள்தான் அவர்களைக் குழப்பின.

"இது என்னத்துக்கு?" என்று ஒரு அத்தை கேட்டார்.

"அது இவன் மச்சான் போட்டது" என்றார் சித்தப்பா.

டெஸ்ட் முடிவு வந்த அன்று டாக்டர் அறைக்கு என் மனைவி மட்டும் போனாள். கூட வரட்டுமா என்று கேட்ட இருவரையும், "இங்கயே இருங்க, இவரப் பாத்துக்குங்க" என்று உட்கார வைத்துவிட்டாள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்தார்கள். சித்தப்பாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. மச்சான் செல்போனை எடுத்து, யாருக்கும் போடாமல், திரும்பப் பைக்குள் வைத்தார்.

அவள் வந்தாள். நடையிலேயே தெரிந்தது, ஆனாலும் நான் நம்பவில்லை.

"ஓரத்துல இல்லியாம். நெறியிலயும் பரவலியாம். இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு ஊசி போடச் சொல்றாரு. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியிலயே போட்டுக்கலாமாம்."

மச்சான் சட்டென்று எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். சித்தப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடித்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எதை எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்தது பில். ஓட்டைக்கான கருவி, திறந்ததற்கான கூலி, ரத்தம், கூடுதல் நாட்கள் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தில் வந்து நின்றது. இரண்டு தரப்பும் மறுபடி உயிர் பெற்றார்கள். ஆரம்பித்தது ஓட்டைதான், எனவே அந்தத் தீர்மானம் அரியலூர் பக்கத்துடையது, தன் முப்பதாயிரம் அதில் சேராது என்று சித்தப்பா சொன்னார். முடிந்தது திறந்துதான், எனவே பெரம்பலூர் ஜெயித்துவிட்டது, ஜெயித்தவர்கள் கட்டட்டும் என்று மச்சான் சொன்னார். அதுவரை ஒவ்வொருவரும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்றவர்கள். பில்லைப் பார்த்ததும் தோல்வியை ஒப்புக்கொள்ளப் போட்டி போட்டார்கள்.

என் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் நடுவில் போய் நின்றாள். இரண்டு பேரும் சொன்ன தொகையில் பாதிப் பாதி கொடுத்தார்கள். பாதி வயிற்றுக்குப் பாதிக் காசு. நியாயம்தான். சங்கிலியும் என் கையிருப்பும் போக இன்னும் இருபத்தைந்தாயிரம் இடித்தது.

அதைக் கொடுத்தவர் லப்பைக்குடிக்காட்டு பாய். மோட்டார் விஷயமாகக் கேட்க வந்தவர், சங்கதியைக் கேட்டு, மறுநாள் பணத்தோடு வந்தார். பத்திரம் வேண்டாம் என்றார். வட்டி எங்களுக்கு ஆகாது என்றார்.

"குடுக்கறப்ப குடுங்கண்ணே. ஒண்ணு மட்டும் சொல்றேன். கடன வச்சுக்கிட்டு மனுசன் மௌத்தாகக் கூடாது. முடிச்சுட்டுத்தான் போகணும்."

அவர் நல்ல மனசோடு சொன்னார். எனக்கு அது வேறு மாதிரிப் பிடித்துக்கொண்டது. கடனை முடிக்காமல் சாகக் கூடாது என்றால், முடிக்காத வரைக்கும் சாக வேண்டியதில்லை அல்லவா. ஊசி போட்டு முடித்து, முடி கொட்டி முளைத்து, கடையைத் திறந்த பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொடுத்தேன். திருச்சியில் பரிசோதனை முடிந்து ஒன்றுமில்லை என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு தொகை. பரிசோதனைக்கு முந்தைய வாரம் ஒரு ரூபாய் கூடக் கொடுப்பதில்லை. தொகை குறையக் குறைய எனக்குப் பயம் ஏறியது. பிறகு கொடுப்பதையே குறைத்துவிட்டேன்.

பாய் கடைக்கு வந்து உட்கார்ந்து டீ குடிப்பார். "அண்ணே, மிச்சத்த முடிச்சுடலாமா?" என்பார்.

"ஏன் பாய், அவசரமா?"

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. எங்க வூட்டு மாப்ளைங்க கேக்குறானுங்க, இது என்ன கணக்குன்னு."

"டாக்டரு அடுத்த வருசம் வரச் சொல்லியிருக்காரு பாய்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். விஷயம் பிடிபட்டு டீ புரையேறச் சிரித்தார். "அப்ப இந்தக் காசு எனக்கு வந்து சேரவே கூடாதுன்னு அல்லாகிட்ட துவா செய்யணுமாக்கும் நான்!" என்று சொல்லிவிட்டு, சரி, செய்யறேன் என்றும் சொன்னார்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. பணம் இருக்கும்போதே கொடுத்துத் தொலையுங்கள் என்கிறாள். கையில் இருக்கிறதுதான். பாக்கி மூவாயிரம் ரூபாய்.